க. இருளப்பசாமி, 5-6-1971

பாளையம்பட்டியில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே என்னுடைய ஜெராக்ஸ் கடை இருக்கிறது. கடைக்கு மேலே மாடியில் ஒற்றை அறை. 'தகவல் பராமரிப்பு, கம்ப்யூட்டர் உதவி' என்று அங்கே ஒரு போர்டு தொங்குகிறது. அதைப் படித்துவிட்டு மாடியேறுகிறவர்களைவிட, "மேல என்னண்ணே நடக்குது?" என்று என்னிடம் வந்து கேட்கிறவர்கள்தான் அதிகம். ஏழு வருஷமாகப் பதில் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. ஒரே தடவையாக எழுதி ஒட்டிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எழுத ஆரம்பித்தால், கை நேராக அந்த ஐப்பசி மாதத்துச் சனிக்கிழமைக்கே போகிறது.

மேலே இருப்பவள் நாகஜோதி. நாற்பத்தொரு வயது. திருச்சுழிப் பக்கம் மானாவாரிக் காட்டில் பருத்தி போடுகிற குடும்பம். அருப்புக்கோட்டையில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, ஒரு அலுவலகத்தில் ஒன்பது வருஷம் ஒப்பந்தத்தில் டைப் அடித்தாள். ஒருநாள் ஒப்பந்தம் முடிந்துவிட்டது, நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார்கள். அடுத்த மாதமே ஒரு பழைய லேப்டாப்போடு வந்து என் மாடியை வாடகைக்குக் கேட்டாள். என்ன தொழில் என்றேன். ஊரில் எல்லோரும் போனிலும் கம்ப்யூட்டரிலும் கண்டதையும் குவித்து வைத்திருக்கிறார்கள், அதை ஒழுங்குபண்ணித் தரப்போகிறேன் என்றாள். இதற்கெல்லாம் எவன் காசு கொடுப்பான் என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். கொடுத்தார்கள்.

தறி முதலாளி ஒருவருக்குப் பதினோராயிரம் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே மகளின் கல்யாண போட்டோக்கள் மாட்டிக்கொண்டிருந்தன. இரண்டு நாள் உட்கார்ந்து பிரித்துக் கொடுத்தாள். ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் விவரம் ஐந்து ஃபைலில் ஐந்து விதமாக இருந்தது. அதை ஒன்றாக்கினாள். தனியாள், சின்னச் சங்கம், சின்னக் கடை, இவர்கள்தான் அவளிடம் வருவார்கள். பெரிய கம்பெனிக்காரர்களுக்கு அவளைத் தெரியாது, அவளுக்கும் அவர்கள் தேவையில்லை.

வேலையில் அவள் ரொம்பக் கறார். எதைத் தொடுவதற்கு முன்னாலும் ஒரு நகல் எடுத்து வைத்துவிடுவாள். அடுத்தவர் பாஸ்வேர்டைக் காதில்கூட வாங்கிக்கொள்ள மாட்டாள். அதைவிடப் பெரிது, அடுத்தவர் விஷயத்தைக் கிண்ட மாட்டாள். ஒரு தடவை ஒரு வாத்தியாரின் போனில் என்னதான் இருந்தது என்று சும்மா கேட்டுவைத்தேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. வாடகை வாங்குகிறவன் நான், முறைத்துக்கொண்டு போகிறவள் அவள். அந்த நல்ல குணம்தான் கடைசியில் அவள் காலை வாரிவிட்டது.

திருச்சுழி, எம்.ரெட்டியபட்டி சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு ஒரு தர்ம ஸ்தாபனத்தின் வேன் மாதம் ஒருமுறை போகும். சர்க்கரை, ரத்த அழுத்தம், வலிப்பு, இந்த மூன்றுக்கும் ஒரு மாதத்துக்கான மாத்திரையைச் சும்மா கொடுப்பார்கள். டாக்டர் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். மற்ற மாதங்களில் லிஸ்ட்டைப் பார்த்து, ஒவ்வொருவருக்கும் ஒரு காகிதப் பையில் மாத்திரையைப் போட்டு, பேர் ஒட்டிக் கொடுத்துவிடுவார்கள். அந்த லிஸ்ட் பதினாலு வருஷத்தில் நாறிப்போயிருந்தது. செத்தவர்களுக்கு மாத்திரை போய்க்கொண்டிருந்தது. ஒரே ஆள் சர்க்கரைக்கு ஒருதடவையும் அழுத்தத்துக்கு ஒருதடவையும் பதிந்து இரண்டு ஆளாக இருந்தார். அதைச் சுத்தம் பண்ணும் வேலை நாகஜோதிக்கு வந்தது.

ஐந்து வாரம் அதோடு மல்லுக்கட்டினாள். பேர், இனிஷியல், ஊர், பிறந்த தேதி, நாலும் ஒன்றாக இருந்தால் ஒரே ஆள் என்று கணக்கில் எடுத்துக்கொண்டாள். அப்படி அறுபத்தொரு ஜோடி கிடைத்தது. அப்போதும் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கவில்லை. லிஸ்ட்டில் இருந்த நம்பருக்கெல்லாம் போன் போட்டு, பேரும் ஊரும் தேதியும் சரிதானா என்று கேட்டாள். என்ன நோய் என்று மட்டும் கேட்கவில்லை. இந்தப் பக்கம் வலிப்பு இருக்கிற வீட்டில் அதை வெளியே சொல்ல மாட்டார்கள். பெண் கொடுப்பது, எடுப்பது எல்லாம் நின்றுபோகும். போனை யார் எடுப்பார்களோ, பக்கத்தில் யார் நிற்பார்களோ, அதனால் நோயின் பேரை நான் என் வாயால் சொல்ல மாட்டேன் என்றாள். நானும் சரிதான் என்றுதான் சொன்னேன்.

அந்தச் சனிக்கிழமை காலை எட்டரை மணி இருக்கும். மாடியிலிருந்து லேப்டாப்போடு இறங்கி வந்து, என் கடையில் ஏதோ பிரிண்ட் எடுத்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. ஒரு ஆண் குரல், கொஞ்சம் சங்கடத்தோடு பேசியது. பேர் இருளப்பசாமி என்றார். எம்.ரெட்டியபட்டிக்குத் தெற்கே நாலு கிலோமீட்டர் உள்ளே தள்ளி அவர் ஊர். நேற்று வேனில் தனக்கு மாத்திரை இல்லை என்று சொல்லிவிட்டார்கள், வேனில் கொடுத்த அட்டையில் லிஸ்ட் சந்தேகத்துக்கு என்று இந்த நம்பர் இருந்தது, அதனால் கூப்பிட்டேன் என்றார்.

நாகஜோதி லிஸ்ட்டைத் திறந்தாள். க. இருளப்பசாமி, 5-6-1971. பை நேற்று மத்தியானமே கொடுத்தாயிற்று என்று இருந்தது. ஒருவேளை வீட்டில் யாராவது வாங்கி வைத்திருப்பார்கள், கேட்டுப் பாருங்கள் என்றாள். யாரும் வாங்கவில்லை என்று அவர் அடித்துச் சொன்னார். அவள் முகம் மாறியதை நான் அப்போது பார்த்தேன். அதுவரைக்கும் யாரிடமும் கேட்காததை அன்றைக்குத்தான் கேட்டாள்.

"ஐயா, நீங்க என்னென்ன மாத்திரை போடுறீக?"

"சக்கரைக்கு மட்டுந்தாம்மா."

"வலிப்புக்கு?"

அந்தப் பக்கம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அது எங்க பெரியப்பா மகனுக்கு" என்றார்.

"அவரு பேரு என்ன?"

"அவனுக்கும் எங்க தாத்தா பேருதாம்மா. இருளப்பசாமி."

நாகஜோதி என் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். பழைய நகலைத் திறந்து பார்த்தாள். இரண்டு வரி தனித்தனியாக இருந்தது. ஒன்றில் வலிப்பு மாத்திரை, ஒன்றில் சர்க்கரை மாத்திரை. இவர்களின் தகப்பன்மார், அவர் சொன்னபடி, அண்ணன் தம்பி இரண்டு பேர், கருத்தப்பாண்டி, கருப்பையா. இரண்டு பேரும் தங்கள் தகப்பனார் பேரைத் தலைமகனுக்கு வைத்திருக்கிறார்கள். இனிஷியல் இரண்டுக்கும் 'க'. இரண்டு பையன்களையும் ஒரே நாளில் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறார்கள். பிறந்த தேதி யாருக்குத் தெரியும்? அன்றைக்குச் சேர்ந்த அத்தனை பிள்ளைகளுக்கும் வாத்தியார் ஒரே தேதியைப் போட்டுவிட்டார். என் தேதியும் அப்படி ஒரு வாத்தியார் போட்டதுதான். இதைப் பற்றி ஒரு வார்த்தை அவளிடம் முன்னமே சொல்லித் தொலைத்திருக்கலாம், எனக்கும் தோன்றவில்லை.

நடந்தது இதுதான். இரண்டு பேரின் மாத்திரையும் ஒரே பையில் போய்விட்டது. அந்தப் பை வலிப்புக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறது. அவருக்குச் சர்க்கரை நோயே கிடையாது. சர்க்கரையைக் குறைக்கிற மாத்திரையை நேற்று ராத்திரி ஒன்று, இன்று காலையில் ஒன்று என்று போட்டிருப்பார். மழை பெய்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது, ஊரே விதைப்பில் இருந்தது. விடியக்காலம் ஒரு டீயைக் குடித்துவிட்டுக் காட்டுக்குப் போகிறவர்கள் பத்து மணிக்கு மேல்தான் சாப்பிடுவார்கள்.

அந்த இரண்டு வரிக்கும் லிஸ்ட்டில் இருந்த ஒரே நம்பர் வலிப்புக்காரரின் மகன் மதன்குமாருடையது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். ஒரு மாதத்துக்கு முன்னால் அவள் கேட்டபோது, "ஆமாக்கா, எங்க அப்பாதான்" என்று சொன்னவன் அவன்தான். இப்போது மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஷிஃப்டில் போனை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டுமாம். சர்க்கரைக்காரரிடம் அண்ணன் வீட்டு நம்பர் இல்லை. வரப்புத் தகராறில் நாலு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. தன் வீட்டுக்குப் போட்டுப் பார்த்தார், எல்லோரும் காட்டில், யாரும் எடுக்கவில்லை. அவரே மாத்திரை வாங்க டவுனுக்கு வருவதற்காக எம்.ரெட்டியபட்டியில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். அண்ணன் எந்தப் புஞ்சையில் இருப்பான் என்று மட்டும் தெரியும் என்றார். அங்கேயே நில்லுங்கள், வருகிறோம் என்றாள் நாகஜோதி.

அடுத்து வேனில் மாத்திரை கொடுக்கிற பானுப்பிரியாவைக் கூப்பிட்டாள். அந்தப் பிள்ளை வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான். வேன் அன்றைக்கு எங்கேயோ மறுகோடியில் இருந்தது. விஷயத்தைக் கேட்டதும் கொடுப்பதை நிறுத்திவிட்டாள். ஆள் வேர்த்துக் கொட்டுவார், கை நடுங்கும், பேச்சுக் குழறும், அப்புறம் நினைவு தப்பும், குளுக்கோஸ் வாங்கிக்கொண்டு ஓடுங்கள், 108-க்கு நான் சொல்கிறேன் என்றாள்.

நாகஜோதி வெளியே ஓடினாள். ஸ்கூட்டியில் சாவி போகவில்லை. நான் கடையை அப்படியே போட்டுவிட்டு என் பைக்கை எடுத்தேன். நாற்பதுக்கு மேல் ஓட்டாதவன் என்று தெருவில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அன்றைக்கு முள்ளு எங்கே நின்றது என்று நான் பார்க்கவில்லை. இரண்டு பக்கமும் கருவேலங்காடு, நடுவில் ரோடு. வழியில் ஒரு கடையில் குளுக்கோஸ் பாக்கெட் மூன்று வாங்கினோம். போகிற வழியெல்லாம் அவள் ஒரே ஒரு தடவைதான் வாய் திறந்தாள்.

"அண்ணே, இது ஒண்ணுதானான்னு தெரியலையே."

எனக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வரும். வீட்டில் பேசுகிற கன்னடத்திலேயே, வாயை மூடிக்கொண்டு உட்கார் என்று கத்திவிட்டேன். அவளுக்குப் புரிந்திருக்காது, ஆனாலும் அப்படிக் கத்தியிருக்க வேண்டாம்.

எம்.ரெட்டியபட்டியில் ஒல்லியாக ஒரு ஆள் மஞ்சள் பையோடு ரோட்டு ஓரத்தில் நின்று கையை ஆட்டினார். சர்க்கரைக்கார இருளப்பசாமி. மூன்று பேரும் ஒரே வண்டியில் போனோம். ஊரைத் தாண்டிப் புஞ்சைப் பாதையில் இறங்கியதும் கரிசல் மண் சக்கரத்தில் அப்பிக்கொண்டு வண்டி நகரமாட்டேன் என்றது. அதை அங்கேயே சாய்த்துப் போட்டுவிட்டு ஓடினோம். செருப்பெல்லாம் மண்ணோடு போய்விட்டது. தூரத்தில் ஒரு வேப்பமரத்தடியில் ஏழெட்டுப் பேர் குனிந்து நிற்பது தெரிந்தது.

ஆள் மண்ணில் ஒருக்களித்துக் கிடந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கண் பாதி மூடி, வாய் என்னவோ முனகிக்கொண்டிருந்தது. அவர் கையில் ஒரு சாவிக்கொத்தை வைத்து அழுத்திப் பிடித்தபடி அவர் சம்சாரம் தங்கத்தாய் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தது. மக்காச்சோளம் ஊன்றிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டாராம். அந்த அம்மா பதறவில்லை. எப்போதும் வருவதுதான், கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடும், கூட்டம் போடாதீர்கள் என்று எல்லோரையும் விலக்கிக்கொண்டிருந்தது. ஒருவர் தண்ணீர்ச் செம்பை நீட்டினார். அதையும் தட்டிவிட்டது. வலிப்பு வந்தால் வாயில் ஒன்றும் ஊற்றக்கூடாது என்று வேனில் வந்த டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். பதினோரு வருஷமாக அதைத் தவறாமல் செய்துவந்திருக்கிறது. சொன்னபடி கேட்டவர்களுக்குத்தான் அன்றைக்கு அந்தக் கதி.

நாகஜோதி போய் அவர் பக்கத்தில் மண்டியிட்டு, இது வலிப்பு இல்லை, சர்க்கரை இறங்கிவிட்டது, குளுக்கோஸ் கொடுக்க வேண்டும் என்றாள். தங்கத்தாய் அவளை ஏற இறங்கப் பார்த்தது. "இவுகளுக்குச் சக்கரையே கிடையாது. நீ யாரு?" என்றது.

ஒரு நொடி எனக்கு என்னென்னவோ தோன்றியது. வேனில் மாறிவிட்டது என்று சொல்லலாம். மருந்து கட்டினவர்கள் தப்பு என்று சொல்லலாம். சுற்றி நிற்பவர்கள் எல்லாம் களைக்கொத்தும் மண்வெட்டியுமாக இருக்கிறார்கள். நான் அவள் இடத்தில் இருந்திருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன், இதில் எனக்கு வெட்கமில்லை.

"லிஸ்ட் எழுதுனவ நான்தான்" என்றாள் நாகஜோதி. "இவுகளையும் இவுக தம்பியையும் ஒரே ஆளுன்னு எழுதிட்டேன். நேத்து நீங்க வாங்குன பையில இருந்தது தம்பியோட மாத்திரை. தப்பு என்னோடது. இப்பக் குடுக்கலைன்னா இவுக பிழைக்க மாட்டாக."

தங்கத்தாய் சாவிக்கொத்தை விடவில்லை. அப்போது சர்க்கரைக்காரர் வரப்பிலிருந்து உள்ளே இறங்கி வந்தார். நாலு வருஷமாக மிதிக்காத புஞ்சை அது.

"மதினி, அது என் மாத்திரைதான். அந்தப் பிள்ளை சொல்றதைக் கேளுங்க."

தங்கத்தாய் சாவியைக் கீழே வைத்தது.

பானுப்பிரியா போனில் சொல்லச் சொல்ல நாகஜோதி செய்தாள். குளுக்கோஸை நாலு சொட்டுத் தண்ணீரில் குழைத்து, விரலால் தொட்டு, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் தடவினாள். மறுபடியும் தடவினாள். அவர் தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியது. தங்கத்தாய் அவள் கையைத் தள்ளிவிட்டுத் தானே குழைத்துத் தடவ ஆரம்பித்தது. 108 ஊர் எல்லைக்கு வந்துவிட்டது, ஆனால் புஞ்சைக்குள் வரமுடியவில்லை. நாலு பேர் சாக்கில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வண்டியில் இருந்தவர் விரலில் குத்திப் பார்த்துவிட்டு, சர்க்கரை முப்பத்துநாலு என்றார். நல்லதா கெட்டதா என்று கேட்டேன். பதில் சொல்லாமல் ஊசியை ஏற்றினார். அதிலிருந்து நானே தெரிந்துகொண்டேன்.

ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு மணிக்கு அவருக்கு நினைவு வந்தது. விதை மூட்டையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்றுதான் முதலில் கேட்டாராம். அந்த மாத்திரையின் வேகம் சீக்கிரம் தணியாது, இரண்டு நாள் இங்கேயே இருக்கட்டும், ஆனால் உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் சொன்னார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. டீ குடிக்கலாம் என்று நாகஜோதியைத் தேடினால், அவள் வராந்தாவில் சிமெண்ட் பெஞ்சில் லேப்டாப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. நான் எடுத்தேன்.

பானுப்பிரியாதான். அழுகிற குரலில் பேசினாள். சேர்த்த அறுபத்தொரு ஜோடியில் பெரும்பாலும் இரண்டு வரியிலும் ஒரே மாத்திரை, அதனால் ஆபத்தில்லை. வேறு வேறு மாத்திரை இருந்தது பதினொன்று. அதில் இருளப்பசாமி போக ஏழு பேருக்குப் பை போய்விட்டது. மூன்று பேரை அவளுக்கு முகம் தெரியும், அவர்கள் நிஜமாகவே ஒரே ஆள்தான். மிச்சம் நாலு. ஒருவருக்குப் போன் போட்டால், எங்கள் வீட்டில் யாருக்கும் எந்த நோயும் கிடையாது என்று வைத்துவிட்டார்களாம். காலை மாத்திரையை எல்லோரும் போட்டிருப்பார்கள், அக்காவைப் பார்க்கச் சொல்லுங்கள் என்றாள்.

நான் நாகஜோதியிடம் சொன்னேன். அவள் லேப்டாப் பையைத் திறக்கவில்லை.

"என்னால முடியாதுண்ணே. நான் தொட்டா இன்னொரு ஆளு போயிருவாரு."

ஏழு வருஷத்தில் அவள் முடியாது என்று சொல்லி நான் கேட்டதில்லை. திட்டினேன், கெஞ்சினேன். கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தாள். அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து தங்கத்தாய் வெளியே வந்தது. சேலையெல்லாம் கரிசல் மண். நாகஜோதி எழுந்து அதன் காலில் விழப்போனாள்.

"அதெல்லாம் அப்புறம்" என்று தங்கத்தாய் தடுத்துவிட்டது. கோபம் தணிந்த குரல் இல்லை அது. "இன்னும் ஆளு இருக்குன்னு சொல்லிக்கிட்டிருந்தாகளே, அவுக கதி என்ன?"

நான்தான் விவரம் சொன்னேன். நோயைக் கேட்டால் மறைக்கிறார்கள் என்றேன்.

"மறைக்கத்தான் செய்வாக. எம் மகங்கிட்ட நானே சொல்லி வச்சிருந்தேன், எவன் கேட்டாலும் அப்பாவுக்கு ஒண்ணுமில்லைன்னு சொல்லுன்னு." பெஞ்சில் உட்கார்ந்தது. நாகஜோதியையே பார்த்தது. "நேத்து அந்தப் பையில புதுசா ஒண்ணு இருக்கேன்னு கேட்டேன். லிஸ்ட்ல இருக்கு, போடச் சொல்லுங்கன்னாக. லிஸ்ட்ல இருக்குன்னா சரிதானேன்னு நானும் குடுத்தேன். பதினோரு வருசமா நான்தான் போயி வாங்குறேன். அவுக பேர நான் சொல்லமாட்டேன். தங்கத்தாய்னு என் பேரச் சொல்லி, கைநாட்டு வச்சுத்தான் வாங்குறேன். எங்க ஊருல இருளப்பசாமி அஞ்சு பேரு இருக்காக. தங்கத்தாய் நான் ஒருத்திதான். அந்தப் பேரு உன் லிஸ்ட்ல எங்க?"

நாகஜோதி அப்போதுதான் அதைச் சொன்னாள். மாத்திரை கொடுக்கும் நோட்டில் கடைசியில் ஒரு கட்டம் உண்டாம், வாங்கிக்கொண்டவர் பேர் எழுத. அத்தனை மாதமும் அத்தனை வரியிலும் அது எழுதியிருந்தது. டைப் அடிக்கும்போது, நோயாளியின் பேர் இருக்கிறதே, வாங்க வந்த பெண்களின் பேர் எதற்கு என்று அந்தக் கட்டத்தை விட்டுவிட்டாள். ஐந்து வாரம் ராப்பகலாக உழைத்தவள் அந்த ஒன்றைத்தான் விட்டிருந்தாள். அப்புறம் லேப்டாப் பையைத் திறந்தாள்.

பானுப்பிரியா பழைய நோட்டுகளைப் போட்டோ பிடித்து அனுப்ப ஆரம்பித்தாள். முதல் ஆளுக்கு இரண்டு வரியிலும் முனீஸ்வரி என்று இருந்தது. ஒரே ஆள்தான். இரண்டாவது ஆளுக்கு இரண்டிலும் பெத்தம்மாள். ஒரே ஆள். மூன்றாவது ஆளுக்கு ஒரு வரியில் ரேணுகாதேவி, இன்னொன்றில் தங்கலட்சுமி. இரண்டு ஆள்.

நேற்றுப் பையை வாங்கியது ரேணுகாதேவி, அந்த வரியில் சர்க்கரை மாத்திரை கிடையாது. நாகஜோதி நம்பரைப் போட்டாள். நாலாவது மணியில் ஒரு பெண் எடுத்தது. ரேணுகாதேவி நீங்கள்தானா என்று கேட்டாள். ஆமாம் என்றது குரல். உங்கள் வீட்டுக்காரர் எங்கே என்றாள்.

"படுத்திருக்காக. காலையில இருந்து தலை சுத்துதுன்னு சொன்னாக. எழுப்பினா திரும்பிப் படுத்துக்கிறாக."

நாகஜோதி எழுந்து நின்றுவிட்டாள். வீட்டில் சீனி இருக்கிறதா, உடனே கரையுங்கள், நிமிர்த்தி உட்காரவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், நான் இப்படியே லைனில் இருக்கிறேன் என்றாள். நான் என் போனில் 108-ஐக் கூப்பிட்டு ஊர்ப்பேரைச் சொன்னேன். அந்தப் பக்கம் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. ஒரு குழந்தை அழுதது. அந்தப் பெண் அவரைத் திட்டித் திட்டி எழுப்புவது கேட்டது. அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றும் கேட்கவில்லை. தங்கத்தாய் அந்தப் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மூன்று நிமிஷமோ நாலு நிமிஷமோ, எனக்கு அது ஒரு பொழுதாக இருந்தது. கடைசியில் ஒரு ஆண் குரல், ரொம்ப எரிச்சலோடு, தூங்குகிறவனை எதற்கு எழுப்பிச் சீனித்தண்ணி ஊற்றுகிறாய் என்று கேட்டது.

நாகஜோதி போனைப் பிடித்துக்கொண்டே அழுதாள். இனி அந்த மாத்திரை வேண்டாம், ஆம்புலன்ஸ் வரும், கட்டாயம் ஏறிப் போங்கள் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வைத்தாள். முந்தானையில் முகத்தைத் துடைக்கப் போனவளைத் தங்கத்தாய் விடவில்லை. இன்னும் ஒரு ஆள் இருக்கிறதே என்று விரலைக் காட்டியது. நாகஜோதி கண்ணைத் துடைக்காமலே திரையைப் பார்த்து நாலாவது வரியைப் படித்தாள். "மு. அப்பாசாமி, பிறந்த தேதி..."

"அது ஆம்பளைப் பேரு" என்றது தங்கத்தாய். "பொம்பளைப் பேரப் படி."